கனேதா வீட்டு ஆறு ஓட்டு

"ஆறு ஓட்டு! உங்க வீட்ல மட்டும் ஆறு ஓட்டு, கனேதா ஐயா! நான் தோத்ததே நாலு ஓட்டுல!"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சுரேன் துலாதர் வெடித்தார். சுட்ட இறைச்சி விற்கும் அந்தச் சின்னக் கடையில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த கிழவர் கனேதா நிமிர்ந்து பார்த்தார்.

சுரேன் நேபாளத்திலிருந்து பாலம் கட்டும் பொறியாளராக ஜப்பானுக்கு வந்தவர். ஒசாகாவை ஒட்டிய இந்த ஊரிலேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தில் விரிசல் என்று முதலாளியை மீறி ஊரைக் கூட்டிச் சொன்னதில் வேலை போனது. அதே வாயால்தான் நகரமன்றப் பதவியும் வந்தது. இந்தத் தேர்தலோடு அதுவும் போய்விட்டது.

தேர்தல் நாட்களில் தினமும் காலையில் ரயில் நிலைய வாசலில் நின்று தொண்டை கிழியப் பேசுவார். வேலைக்கு ஓடும் ஜனம் திரும்பிக்கூடப் பார்க்காது. கனேதா ஒருவர்தான் கடைசிவரை நின்று கேட்பார்.

"எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் சரி, வருஷக்கணக்கா இங்க வரி கட்டுறவங்களுக்கு ஊர்த் தேர்தல்ல ஓட்டு வேணும்!" என்று சுரேன் முழங்கும்போது மட்டும் உள்ளங்கை சிவக்கக் கைதட்டுவார்.

ஒருநாள் மனைவி போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாயை டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். மிளகாயிலேயே வளர்ந்த சுரேனுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு காரம் தின்னும் ஜப்பானியரை அவர் பார்த்ததே இல்லை. வேறு யார் கைவிட்டாலும் இந்த வீடு கைவிடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"கடைசி வாரம் நீங்க ஸ்டேஷன் பக்கமே வரல. நேத்து எதிர்த்தாப்பல இருக்கற ஸ்கூல்லதான் ஓட்டுப் போட்டாங்க. உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட ரோட்டைத் தாண்டலைன்னு எங்க பிரச்சார ஆளு மோரிதா சொன்னான். அவன் நாள் பூரா ரோட்டு முனையில நின்னுக்கிட்டிருந்தான்."

"உண்மைதான். தாண்டல."

"அப்ப அந்தக் கைதட்டல் எல்லாம் வேஷமா? என்ன இருந்தாலும் இவன் வெளிநாட்டுக்காரன்தானேன்னு தோணிடுச்சா?"

கனேதா கத்தியைக் கீழே வைத்தார்.

"கடைசி வாரம் வரி கட்டுறவங்களுக்கு ஓட்டுங்கற அந்தப் பேச்சை ஏன் விட்டீங்க சுரேன்? உங்க பலகையிலகூட அதுமேல வெள்ளைத் தாளை ஒட்டி மறைச்சிருந்தீங்களே."

சுரேனின் குரல் இறங்கியது. "அதைச் சொன்னா இருக்கற ஓட்டும் போயிடும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. முதல்ல ஜெயிப்போம், அப்புறம் பேசிக்கலாம்னு நெனச்சேன்."

"இப்ப மன்றத்துல அதைப் பேச யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல."

"என் ஆயுசுக்குள்ள இனிமே யாரும் பேசப் போறதும் இல்ல."

சுரேனுக்கு மறுபடி எரிச்சல் மூண்டது. "அதுல உங்களுக்கென்ன ஐயா நஷ்டம்? பொறந்த ஊரு, சொந்த நாடு. ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு சீட்டுல என் பேரை எழுதிப் போட உங்களுக்குக் கை வலிச்சுதா?"

கிழவர் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். கோபம் இருந்தால்கூடச் சுரேனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த முகத்தில் அதுவும் இல்லை.

"கனேதாங்கறது ஊருக்காகப் போட்டுக்கிட்ட ஜப்பான் பேரு தம்பி. நாங்க கொரியாக்காரங்க. மூணு தலைமுறையா இங்கதான் இருக்கோம், இங்கயே பொறந்தும் குடியுரிமை இல்ல, ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது."