தளபதியின் இருக்கை

மாலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தொலைக்காட்சியின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக நான் ஒரு வாரம்கூடத் தவறவிடாத விண்வெளித் தொடரில் இன்று தளபதியாக வேறொரு நடிகர் வருகிறார். "இனிமே இந்த வீட்ல அது ஓடாது" என்று போன வாரம் சொன்னவன் நான்தான். ஆனாலும் முதுகு வளையாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். "சொன்ன சொல் என்னப்பா ஆச்சு?" என்று மகள் சிரிக்கிறாள். "குறை கண்டுபிடிக்கத்தான் பாக்குறேன்." என் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள்கள் கிடக்கின்றன. இறந்துபோன என் மருமகன் அதில் உட்கார்ந்துதான் என்னோடு இந்தத் தொடரைப் பார்ப்பார். மகளை மறுமணம் செய்துகொண்டவர் கதவோரம் ஸ்டூலில், டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி இருக்கிறார். மூன்று மாதமாக அவரை "சார்" என்றுதான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் மகளின் முகம் வாடுவதைப் பார்க்காதவன் போல இருந்துவிடுகிறேன்.

திரையில் புதியவர் கப்பலுக்குள் வருகிறார். பழையவரின் நடை இல்லை, அந்த இடிக்குரலும் இல்லை. தளபதியின் இருக்கையை ஒருமுறை தொட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்றபடியே கப்பலைக் கிளப்பச் சொல்கிறார்.

"அவரு ஏன் உக்கார மாட்டேங்கிறாரு?" ஸ்டூலிலிருந்து மெல்லக் கேட்கிறது குரல்.

"யாராவது உக்காரச் சொல்லணும்ல" என்கிறாள் மகள், என்னைப் பார்க்காமல்.

செய்தித்தாள்களை அள்ளித் தரையில் வைக்கிறேன். கண்களைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"அங்கேருந்து பாத்தா வெயில் கண்ணுல அடிக்கும். இப்படி வந்து உக்காருங்க, மாப்பிள்ளை."