சேவல் மட்டும் போதும்

கடைக் கதவை உள்பக்கம் தாழிட்ட பிறகுதான் ஃபாங் ஜெங்மின் பெட்டியைத் திறந்தார்.

சிவப்புப் பட்டில் வட்டமாகப் பன்னிரண்டு குழிகள். சீனர்கள் வருஷத்துக்கு ஒரு விலங்கின் பெயர் வைக்கும் வரிசைப்படி, எலியில் தொடங்கிப் பன்றி வரை, புத்தாண்டுக்கு ஒன்றாக வெளியான தங்க நாணயங்கள் கண்ணைப் பறித்தன.

"டைரக்டருக்கு நல்ல ரசனை" என்றாள் கடைக்காரி யின் சுஹுவா. நான்ஜிங் நாணயச் சந்தையில் அவள் பரிசோதித்து முத்திரை வைத்தால் அப்பீல் கிடையாது.

ஃபாங் வெளியூர்ச் சாலைத் துறை ஒன்றில் துணை டைரக்டர்தான். அந்தத் 'துணை'யை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

"ரசனையாவது ஒண்ணாவது! கான்ட்ராக்டருங்க வருஷா வருஷம் வச்சிட்டுப் போனது அக்கா. இப்ப எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். திங்கக்கிழமை விசாரணைக் குழு வீட்டுக்கே வருது."

"எங்கயாவது ஒளிச்சு வைக்கறது!"

"கடுதாசியோட பெட்டி போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருக்கான். இது தங்கம்னு ஆச்சுன்னா வேலையும் போச்சு, நானும் உள்ள போயிடுவேன். எல்லாம் போலின்னு நீங்க ஒரு சான்றிதழ் கொடுத்தா பொம்மைன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன்."

யின்னின் முகம் இறுகியது. "என் முத்திரை இதுவரைக்கும் பொய் மேல விழுந்ததில்ல."

"அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்!"

அவள் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு நாணயத்தையும் விளிம்பில் பிடித்து எடுத்து, எடை போட்டு, லென்ஸில் பார்த்து, இரு பக்கமும் படம் பிடித்தாள். எலிக்கு உதட்டைப் பிதுக்கினாள். டிராகனுக்குப் பெருமூச்சு விட்டாள். சேவலை மட்டும் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இது யார் கொடுத்தது?"

"அதுவா? அந்த வருஷம் ஒரே கெடுபிடி. பயந்துக்கிட்டு ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. நான் பொறந்ததும் சேவல் வருஷம்; ஜென்ம வருஷம் திரும்பி வந்தா ஆகாதும்பாங்க. சிவப்பு சாக்ஸ் மட்டும் பத்தாது, தங்கமும் வேணும்னு வீட்டுக்காரி ஒத்தக்கால்ல நின்னா. சம்பளத்தைப் போட்டு பேங்க்ல நானே வாங்கினேன். பில்லு கூட இருக்கு."

"தெரியுது" என்றாள் யின்.

ஃபாங் கனமான கவர் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"பணம் வேணாம். என் பேரன் சேவல் வருஷத்துப் பிள்ளை. இது மட்டும் போதும்."

ஃபாங்குக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஒன்றைக் கொடுத்துப் பதினொன்றைக் காப்பாற்றுவது என்ன நஷ்டமா? "பேரனுக்கு இல்லாததா? எடுத்துக்குங்கக்கா!"

யின் மளமளவென்று எழுதினாள். எடை, விட்டம், விளிம்பு வரிகளில் இருக்கும் பிசகு எல்லாம் எழுதிவிட்டு, 'செம்பின் மேல் முலாம். போலி' என்று முடித்து முத்திரை குத்தினாள். கொஞ்சமும் தயங்காமல் இத்தனை பொய்யை ஒருத்தி எழுத முடியுமா! ஃபாங் அசந்துபோனார்.

திங்கட்கிழமை வந்த குழுவின் தலைவர் ஜியாங், சான்றிதழைப் படித்து முடித்ததும் பையிலிருந்து துப்பாக்கி போல ஒன்றை எடுத்தார்.

"உலோகத்தைச் சோதிக்கிற மிஷின். புதுசா கொடுத்திருக்காங்க."

ஃபாங் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுபோனார். முடிந்தது கதை!

எலி மீது ஒரு பீப். எருது மீது ஒரு பீப். கடைசியாகப் பன்றி மீதும் வைத்துப் பார்த்துவிட்டு ஜியாங் நிமிர்ந்தார்.

"பதினொண்ணும் செம்பு. யின் அம்மா எழுதினா எழுதினதுதான், ஒரு எழுத்து பொய் இருக்காது. உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க டைரக்டரே! பேரைச் சொல்லுங்க, இப்பவே தூக்கிடறோம்."

கான்ட்ராக்டர்களின் பெயர்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. ஃபாங் தேநீரோடு சேர்த்து விழுங்கினார்.

"வேணாம் சார்... பொம்மைன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"சேவல் குழி காலியா இருக்கே?"

"அது அசல் சார். பேங்க் பில் இதோ. தெரிஞ்சவங்க பேரனுக்குக் கொடுத்துட்டேன்."

"அசல் தங்கத்தையா! உங்க மனசு யாருக்கு வரும்?" ஜியாங் நெகிழ்ந்துபோய்க் கை குலுக்கினார்.

ஃபாங் அந்தக் காலிக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டில் நேர்மையாக வந்த ஒன்றுதான் நிஜத் தங்கம். போலியைப் போலி என்று எழுதித் தருவதற்கு அதைத்தான் லஞ்சமாகக் கொடுத்திருந்தார்.