முதல் கியரில் ஒரு லாரி

ஏரிக்கரையைப் பலப்படுத்தத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து முதலில் தலைகாட்டியது ஓர் அச்சு.

பிறகு வளைந்த சட்டம், கியர் பெட்டி, பாதி எஞ்சின்.

என்ன வண்டி என்று அறிக்கையில் எழுத வேண்டும். இளம் பொறியாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. லாரிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கம்மாவைப் பக்கத்து ஊரிலிருந்து அழைத்து வந்தார்.

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

முன்சக்கரங்களுக்கும் இழுவை இருந்தது. சேற்றிலும் மேட்டிலும் போகிற வண்டி. பின்னால் பீரங்கி இழுக்கும் கொக்கி. சட்டத்தின் இடுக்கில், துருவுக்கு அடியில், நகத்தளவு பச்சைப் பெயிண்ட்.

"மிலிட்டரி லாரி, தம்பி."

அப்படியானால் நாற்பத்தாறு வருடங்களுக்கு முந்தைய பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததுதான் என்றார் பொறியாளர். அன்று இந்தக் கரை உடைந்ததும், உடைப்பு தானாகவே அடைபட்டு ஊர் தப்பியதும் எல்லோரும் சொல்லும் கதை.

மெக்கானிக்கம்மா உளியால் கியர் பெட்டியின் மூடியை நெம்பினார்.

பற்கள் கடித்தபடியே இறுகிக் கிடந்தன. முதல் கியர்.

கைபிரேக்கைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்திருந்தார்கள். சக்கரங்களை ஒட்டி, ஆள் தூக்கி வைத்த கருங்கற்கள்.

அடித்து வரப்பட்ட வண்டி இப்படி நிற்காது.

யாரோ இதை உடைப்புக்குள் ஓட்டி வந்திருக்கிறார். குறுக்கே நிறுத்தி, பிரேக்கை இழுத்து, சீறுகிற தண்ணீரில் இறங்கிக் கல்லும் முட்டுக் கொடுத்திருக்கிறார். அடித்து வந்த மரமும் மண்ணும் இதன்மேல்தான் தங்கியிருக்கின்றன.

மெக்கானிக்கம்மா பள்ளத்தின் விளிம்புக்கு ஏறினார். திரும்பிக் கரைக்குக் கீழே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூரைகள். மாடிகளில் துணி காய்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொன்னார்கள்.

பொறியாளர் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைத் தேய்த்துத் தேய்த்து வாய்விட்டுப் படித்தார். கடைசி மூன்று இலக்கங்கள் துருவில் தெரியவில்லை.

மெக்கானிக்கம்மா அவற்றைச் சொன்னார்.

பொறியாளர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். அதே மூன்று இலக்கங்கள். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

மெக்கானிக்கம்மாவோ போனைக் காதில் வைத்திருந்தார். நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் அவர் வீட்டுக்கு வந்த ராணுவக் கடிதத்தில் இருந்த எண் அது. இந்த எண்ணுள்ள லாரியுடன் டிரைவர் ஓடிவிட்டார் என்று ஒரே ஒரு வரி.

"அம்மா, அப்பா ஓடிப்போகலம்மா. வண்டிய நிறுத்திட்டுதான் போயிருக்காரு."