ஃபேக்ஸ் சார்

“தொட்டுப் பாருங்க மேடம், காலையிலதான் துடைச்சேன்” என்றார் ஃபேக்ஸ் சார்.

அலுவலகமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அந்த ஃபேக்ஸ் மெஷினுக்கு இருபத்திரண்டு வருடங்களாக அவர்தான் பொறுப்பு.

அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைக் காலை திறப்பு விழா. ‘வழக்கொழிந்த பொருள்கள்’ அறையில் ஒரு மேடை இன்னும் காலி. மாலைக்குள் மெஷின் வராவிட்டால் இயக்குநர் அவளையே அதில் ஏற்றி வைத்துவிடுவார்.

“கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போறேன் சார்.”

“எனக்கென்ன ஆட்சேபணை? கழிச்சுக்கட்டச் சொல்லி தலைமை அலுவலகத்து உத்தரவு வரணுமே.”

“எதுல வரும்?”

“இதுலதான்.”

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “இன்னுமா வரலை?”

“பேப்பர் ரோல் தீர்ந்து மூணு வருஷமாச்சு மேடம். இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்கிறதில்லை.” பெருமூச்சு விட்டார். “ஆனா மெஷின் கெட்டி. பேப்பர் இல்லேன்னாலும் வர்றதை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கும், கரண்ட் போனாலும் விடாது. மையே வேணாம். தாள்ல ஒரு பூச்சு இருக்கும், சூடு பட்ட இடம் கறுத்து எழுத்தாயிடும். மூடியைத் திறந்து, பளபளப்புப் பக்கத்தைக் கீழே வெச்சு, நுனியைச் செருகி மூடினாப் போதும். அந்தச் சுகமெல்லாம் இப்பத்த ஆளுங்களுக்கு எங்கே தெரியுது?”

“என்கிட்ட ஒரு ரோல் இருக்கு சார். மெஷின் பக்கத்துல காட்சிக்கு வைக்க வாங்கினது.”

ஃபேக்ஸ் சார் சட்டென்று எழுந்தார். “பழசா இருக்கும் மேடம். மெஷின் தாங்காது.”

அவர் மேசையைச் சுற்றி வருவதற்குள், அவர் சொல்லிக்கொடுத்தபடியே திறந்து, செருகி, மூடிவிட்டாள். மெஷின் கனைத்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. தேதி, மூன்று வருடங்களுக்கு முந்தையது.

“‘ஃபேக்ஸ் இயந்திரத்தை உடனே அகற்றவும்.’ அப்பாடா, வந்திருக்கு சார். கீழே இன்னொரு வரி… ‘அதற்கான பணியிடமும் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது.’”

ஃபேக்ஸ் சார் மெல்ல உட்கார்ந்தார்.

“அதை டைப் அடிச்சதே என் மச்சான்தான் மேடம். அனுப்புறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டான். ரோல் தீரலை, நான்தான் கழட்டிட்டேன்.”