நூற்று நாற்பது

ஈயப் பெட்டியின் மூடியை அவள் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

சரியாகத்தான் மூடியிருந்தது. கருவியைச் சோதிக்க வைத்திருக்கும், கதிர் வீசும் சீசியம் வில்லை உள்ளேதான் இருந்தது.

அப்படியும் திரையில் எண்கள் தாவின.

பழுது பார்த்து அன்றுதான் வந்திருந்த கருவி. முனையில் கைமுட்டி அளவுக்கு ஒரு படிகம். காமா கதிர் பட்டால் படிகத்துக்குள் ஒரு மினுக்கு எழும். பின்னாலிருக்கும் குழாய் அதை மின்துடிப்பாக்கி எண்ணும். கதிரின் ஆற்றல் கூடக்கூட மினுக்கும் பிரகாசமாகும். வேறெதுவும் அந்தக் கருவிக்குத் தெரியாது.

மத்தியானம் முழுக்க ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தது.

“என்ன லீலா, மெஷின் மக்கர் பண்ணுதா?”

கிங்ஸ்லி ஆய்வுக்கூடத்துக்குள் வந்து நின்றிருந்தான். அவள் கணவன். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கூட்டம் என்று சொல்லிவிட்டு விடியுமுன்னே திருவனந்தபுரம் போனவன், திரும்பும் வழியில் அவளைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

“வயர்லதான் ஏதோ கோளாறு. இருங்க, வாறேன்.”

வயரைக் கழற்றி மாட்டினாள். எண்கள் இறங்கவில்லை.

அவனுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வராந்தாவின் கடைசிவரை போனான்.

எண்கள் இறங்கின.

பேசி முடித்துத் திரும்பி வந்தான்.

ஏறின.

அவள் வயரைக் கீழே வைத்தாள்.

திரையில் புள்ளிகள் சேர்ந்து ஒரு மேடு உருவாகிக்கொண்டிருந்தது. கடற்கரை மணலை அளக்கும்போது திரையில் வரும் மேடுகள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். தோரியம் எங்கே எழும், பொட்டாசியம் எங்கே எழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

இது அவற்றில் எதுவும் இல்லை. ஆற்றல் அளவில் நூற்று நாற்பதில் எழுந்து நின்றது.

டெக்னீசியம்.

மண்ணிலிருந்து வருவதில்லை. அவளுடைய ஆய்வுக்கூடத்தில் அது இருந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஊசியாக ஏற்றுவார்கள். அது உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று வெளியிலிருந்து படம் எடுப்பார்கள். எலும்பில் கட்டி ஏதும் இருந்தால் அந்தப் படத்தில் தெரியும்.

மழைக்காலத்திலிருந்து அவனுக்கு முதுகுவலி. படுக்கப் போகுமுன் அவள்தான் தைலம் தேய்த்துவிடுவாள். பந்து விளையாடும்போது பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தான்.

“கூட்டத்துல என்ன பேசினாவ?”

“எப்பவும் உள்ளதுதான்.”

முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். இந்தப் புழுக்கத்தில்.

அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எலும்பு ஸ்கேனா?”

அவன் மேசையைப் பார்த்தான். கருவியைப் பார்த்தான். பிறகுதான் விளங்கியது போலிருந்தது.

“இது காட்டிக் குடுத்துட்டா?”

அவள் எழுந்தாள். அவன் சட்டென்று ஓரடி பின்னால் போனான்.

“கிட்ட வராத. இன்னைக்கு ஒரு நாள் தள்ளியிருக்கச் சொன்னாவ.”

யாருக்குச் சொல்லுகிறான். எத்தனையோ வகுப்புகளில் அதை அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு தள்ளி நின்றால் எவ்வளவு குறையும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டும் காட்டியிருக்கிறாள்.

“ரிசல்ட் எப்ப?”

“வியாழக்கிழம. நான் ஒத்தைக்குப் போயி வாங்கிக்கிடுவேன். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பொறவு உங்கிட்ட சொல்லலாம்னு நெனச்சேன், கேட்டியா.”

“ஒண்ணு இருந்தா?”

அவன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவள் நடந்துபோய் அவன் முன்னால் நின்றாள். அவன் மறுபடியும் பின்வாங்கப் பார்த்தான். சுவர் இடித்தது.

அவன் நெஞ்சில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.



அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் எண்கள் மளமளவென்று இறங்கின.

கருவிக்கும் அவனுக்கும் குறுக்கே இப்போது அவள் நின்றிருந்தாள்.