கட்டிய கை

பந்தயப் புறாக்கள் விடியலிலேயே ஏறிவிட்டன. மொட்டை மாடியில் எல்லோரும் வானத்தைப் பார்க்க, பிரமிளா மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த போனையே பார்த்தபடி கைகட்டி நின்றாள். புறாக்காரர்கள் பேசிக்கொள்ளவும் வீடியோ போடவும் அவள் செய்த ஆப், போன வருடப் பந்தயத்தில் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. வசவு அவள் தாய்மாமன் ஏகாம்பரத்தின் காதுவரை வந்தது. இந்த முறை கூட்டம் கூடக்கூட, எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வர்கள் தாமாகவே பெருகும்படி எழுதியிருந்தாள்.

"இன்னாமா, கைய கட்டிக்கினு நிக்கிற?" என்றார் மாமா.

"இப்டி நிக்கத்தான் மாமா ஒரு வருசமா வேல செஞ்சேன்."

பிற்பகலில், அதிக நேரம் பறந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக இறங்கி ஜெயித்தது மாமாவின் சாம்பல் புறா. ஊரே ஒரே நொடியில் ஆப்பைத் திறந்தது. திரையில் சர்வர்கள் மூன்று, ஏழு, பதினொன்று என்று ஏறின. புறா இறங்கும் வீடியோவை மாமா தன் போனில் இரண்டு தடவை பார்த்தார். ஓரிடத்திலும் அது திக்கவில்லை. பிரமிளா கட்டிய கையை எடுக்கவே இல்லை.

ஜெயித்த புறாவுக்கு முதல் தீனியை வளர்த்தவர்தான் போடுவார். மாமா ஒரு கை கம்பை அள்ளினார். புறாவைத் தாண்டி நேராக அவளிடம் வந்தார்.

"கைய நீட்டு."