நடுரோட்டுக் கல்

சித்தூர் பட்டறையில் முனிரத்தினம் பெருமூச்சோடு சாய்ந்து உட்கார்ந்தார். சர்க்கார் ஜீப்பின் அடிவயிறு கிழிவது இது மூன்றாவது முறை.

"வண்டியை ஒசத்தணும், சிட்டிபாபு. கொறைஞ்ச செலவுல சொல்லு. இன்னொரு தபா கிழிஞ்சா என் வேலையே போயிடும்."

"புது ஸ்பிரிங் மெட்ராஸ்லருந்து வரணும், சார். மரக்கட்டை மலிவு, ஆனா ஒடிஞ்சிடும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேத்துப் போட்டா நாலு விரல் ஏறும்."

"பட்டையே போடு."

"இதுக்குப் பதிலா, பாலசமுத்திரம் ரோட்டுல வண்டி அடியில இடிக்கிற அந்த எல்லைக்கல்லைப் புடுங்கிடலாமே?"

"புடுங்கினா ஜெயிலு, நைனா."

சிட்டிபாபு ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எந்த மகராசன் அதை நடுரோட்டுல நட்டான்?"

"நான்தான். அப்போ மாட்டுவண்டியில போய்க்கினு இருந்தேன், கல்லு அடியில தட்டலை. எல்லையைப் பிசகாம அளந்து நட்டேன்னு மெச்சித்தான் சர்க்கார் இந்த ஜீப்பைக் குடுத்துச்சு."